தலைக்கணக்கு

கிளை மேலாளர் கேட்டது ஒரே கேள்வி:
"மொத்தம் எத்தனை சனமுங்க?"
மனுவோடு போன ஏழு பேரும்
ஆளுக்கொரு எண் சொன்னார்கள்.
"ஐநூறு தேறுனா எழுதி அனுப்பிப் பார்க்கலாம்."
ரங்கபாளையம் பிரிவோடு திரும்பிவிடுகிற
பதினாலாம் நம்பர் டவுன் பஸ்ஸுக்கு
எங்கள் வலசு
மூணு கிலோமீட்டரும் ஐநூறு தலையும் தூரம்.

பால்வாடியில் சத்துமாவு அளக்கிறவளுக்கு
ஆளை அளக்கத் தெரியாதா என்று
வேலை என் தலையில் விழுந்தது.
டிவிஎஸ் எக்ஸெல், ஒரு கோடு போட்ட நோட்டு,
பேனா, பென்சில்.

முதல் நாள் மேக்கால வளவு.
கேட்டுக்கு வெளியே நின்றே எழுதினேன்.
பூட்டிக் கிடந்த வீடு பதினொன்று.
ரேசன் கார்டில் ஆறு பேர்,
வாசலில் ஒரு நாய்.
"பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க,
ஓட்டு இங்கதான், போட்டுக்க" என்றாள்
பக்கத்து வீட்டு வேலாத்தாள்.
ஓட்டா வந்து பஸ் ஏறப் போகிறது?
சரி, கிடக்கட்டும் என்று
பென்சிலில் போட்டேன்.

அப்புறம் தோட்டத்துச் சாளைகள்.
சாளைக்கு ஓர் இட்டேரி,
இட்டேரிக்கு இரண்டு பக்கமும் கிளுவை முள்.
"எனக்கெதுக்கு பஸ்ஸு, கார் நிக்குது பாரு"
என்ற சென்னிமலையப்பனின் பண்ணையாளிடம்
பேர் கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

பேனாவில் எழுதியது
முந்நூற்று எண்பத்தொன்று.

முன்னாள் தலைவர் நோட்டைப் புரட்டினார்.
"காலனியச் சேர்த்தியா?"
"சேர்த்தேனுங்க.
என்னோட நூத்திப் பதினாறு."
நோம்பிக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறபோது
இதே ஊரில்
இருபத்தெட்டு வீடு குறைவாகத்தான் இருக்கும்.

"அப்ப நார் மில்லுக்காரங்க?"
போன சித்திரையில் தண்ணித் தொட்டிக்கு
'அவங்க நம்மூர்ச் சனமா' என்று கேட்டதும்
இதே வாய்தான்.
"போட்டுக்க, போட்டுக்க."

நார்த் தூசி படிந்து
புருவம்கூடச் செம்மண் நிறத்தில்
அறுபத்து நாலு பேர்.
ஒடிசா, ஜார்க்கண்ட், ரெண்டு பேர் அசாம்.
நோட்டைப் பார்த்ததும் பேர் சொல்லப் பயந்தார்கள்.
சுனிதா ஓராம் மட்டும்
ஏழு மாச வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.
"பெரியாஸ்பத்திரி போகுமாங்க்கா?"
எங்கள் ஊர் இழுவை அப்படியே இருந்தது.
போகும் என்று சொல்ல
எனக்கென்ன அதிகாரம்?
எழுதினேன்.

கோழிப் பண்ணையில் முப்பத்தொன்பது.
பதினாறு குறைந்தது.
அன்றிரவு பென்சில் பேர்களில்
பதினேழின் மேல் பேனாவை ஓட்டினேன்.
ஐநூற்றொன்று.
முழு எண்ணென்றால் சந்தேகம் வரும்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் பஸ் வந்தது.
மூணு மாசம் ஓட்டிப் பார்ப்பார்களாம்.
மாலை, தேங்காய், பூசணிக்காயோடு
ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் நின்றது.
டிரைவர் இறங்கி வந்து வீதியை அளந்தார்.
முன்னாள் தலைவரின் காம்பவுண்டு
இரண்டடி முன்னால் வந்திருந்தது.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
"உள்ள விட்டா திருப்ப முடியாதுங்க.
வேற எடம் இருந்தா காட்டுங்க."

இருந்தது.
ஊருக்கு வெளியே என்று ஒதுக்கிய இடம்,
எங்கள் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில்,
சீமைக்கருவேலம் வெட்டின பொட்டல்.
ஒரே ஒடியில் திரும்பியது.
கண்டக்டர் தொட்டிச் சுவரில்
சாக்பீஸால் எழுதினார்: ஸ்டாப்.

மறுநாள் காலை எட்டேகால்.
கோயில் வீதியிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு
உட்கார இடமில்லை.
தலைவரின் மருமகள் கம்பியைப் பிடித்து நின்றாள்.
சன்னலோரம் சுனிதா.
"எங்க ஏறுனீங்க?" என்று கேட்டபடி
காசில்லாச் சீட்டைக் கிழித்துக்கொண்டே வந்தார் கண்டக்டர்.
எல்லோரும் ஒரே பேரைச் சொன்னோம்.

அவர் எண்ணி முடித்தார். இருபத்து மூணு.
பென்சிலில் எழுதிய ஒருவரும்
அதில் இல்லை.